நாளைய கேமரா: படம் எடுக்குமா, படம் வரையுமா?



எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். அந்த வீட்டுப் பாட்டி காலமானபோது, மாலை போட்டு வைப்பதற்கும் நாளிதழில் நினைவஞ்சலி விளம்பரம் கொடுப்பதற்கும் ஒரு படம் தேவைப்பட்டது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாருடைய கைத்தொலைபேசிகளையும் சேர்த்தால் பாட்டியின் படங்கள் ஆயிரத்துக்குக் குறையாது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒன்றிலும் மனம் நிறையவில்லை. எல்லாப் படங்களிலும் பாட்டியின் தோல் மெழுகு பூசியதுபோல் இருந்தது. கன்னத்து மச்சம் சில படங்களில் மங்கியிருந்தது. சிலவற்றில் இல்லவே இல்லை. நிறமும் இரண்டு படி வெளுத்திருந்தது. அழகூட்டும் வசதி எந்நேரமும் இயங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் அலமாரியில் இருந்த பழைய ஆல்பத்தைத் திறந்து, படச்சுருள் காலத்தில் எடுத்த படம் ஒன்றைத்தான் பெரிதாக்கி மாட்டினார்கள். "இதுதான் அம்மா" என்றார் மூத்த மகள்.

ஆயிரம் படங்கள் இருந்தும் ஒரு முகம் கிடைக்கவில்லை. அந்தக் கேமராக்கள் எதுவும் பழுதானவை அல்ல. தமக்குச் சொல்லிக்கொடுத்த வேலையை அவை சரியாகவே செய்தன. ஒளியைப் பதிவு செய்யும் பெட்டியாக இருந்த கேமரா, படம் எப்படி இருக்கவேண்டும் என்று முடிவெடுக்கும் கணினியாக மாறிவருகிறது. மின்னிலக்கக் கேமராவின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அடுத்து என்னென்ன வரப்போகின்றன என்பதையும், அவற்றில் எதை வரவேற்கலாம், எதில் விழிப்பாக இருக்கவேண்டும் என்பதையும் பார்ப்போம்.

ரொட்டி வாட்டும் கருவியளவில் ஒரு கேமரா

வந்த வழியைத் தெரிந்துகொண்டால் போகும் வழி புரியும். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாய்ல், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர், மின்னூட்டத்தைச் சேமித்து வரிசையாக வெளியே எடுக்கும் சிலிக்கன் சில்லு ஒன்றை வடிவமைத்தார்கள். ஒளி பட்டால் சிலிக்கனில் மின்னூட்டம் உண்டாகும் என்பதால், அந்தச் சில்லு படம் பிடிக்கும் உணர்கருவியாயிற்று. சிசிடி என்று பெயர் பெற்ற அதற்காக அவர்களுக்கு 2009ஆம் ஆண்டில் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது.

1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அந்த வகைச் சில்லு ஒன்றை வைத்து முதல் கையடக்க மின்னிலக்கக் கேமராவைக் கட்டினார். ரொட்டி வாட்டும் கருவியின் அளவு, ஏறத்தாழ 3.6 கிலோகிராம் எடை. படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள். ஒரு படம் ஒலிநாடாவில் பதிவாக 23 விநாடி பிடித்தது. அதைப் பார்க்கத் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும்.

1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசம் தலைமையிலான குழு, விண்கலங்களுக்குச் சிறிய, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கேமரா வேண்டும் என்பதற்காகச் 'சிமாஸ்' உணர்கருவியை மேம்படுத்தியது. விண்வெளிக்காகச் செய்தது இன்று நம் எல்லாருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது.

அதன் விளைவை எண்ணிக்கைகளே காட்டும். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010ஆம் ஆண்டில் 120 மில்லியனுக்கு மேற்பட்ட மின்னிலக்கக் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023ஆம் ஆண்டில் அது 8 மில்லியனுக்கும் கீழே இறங்கிவிட்டது. முதல் மின்னிலக்கக் கேமராவை உருவாக்கிய கோடாக் நிறுவனமே 2012ஆம் ஆண்டில் நொடிப்புப் பாதுகாப்பு கோரியது. தனிக் கேமராவின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. ஆகவே எதிர்காலத்தைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் தொலைபேசிக்குள் இருக்கும் கேமராவைச் சுற்றியே அமைகிறது.

மெகாபிக்சல் பந்தயம் எங்கே முடியும்?

கடைக்குப் போகும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். ஒரு மெகாபிக்சல் என்றால் 10 லட்சம் படப்புள்ளிகள். இன்று 200 மெகாபிக்சல் கொண்ட தொலைபேசிகள் கடையில் கிடைக்கின்றன. எண் கூடினால் படமும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை.

மழை பெய்யும்போது முற்றத்தில் பாத்திரம் வைப்பதை நினைத்துப் பாருங்கள். முற்றத்தின் அளவு மாறாது. அதில் பெரிய அண்டாக்கள் சிலவற்றை வைக்கலாம். அல்லது சிறு கிண்ணங்கள் பலவற்றை வைக்கலாம். மொத்தத்தில் விழும் மழை ஒன்றுதான். ஆனால் சிறு கிண்ணத்தில் விழும் துளிகள் குறைவு. பக்கத்துக் கிண்ணத்தில் ஒரு துளி கூட விழுந்தாலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். கேமராவில் உணர்கருவிதான் முற்றம், படப்புள்ளிதான் கிண்ணம், ஒளித்துகள்தான் மழைத்துளி.

இதற்குக் கணக்கும் உண்டு. ஒரு புள்ளியில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் இயற்கையாக ஏற்படும் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100. அதாவது 1 விழுக்காடு. 100 ஒளித்துகள்களே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அதாவது 10 விழுக்காடு. இரவில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரிவதற்கு இதுவே முக்கியக் காரணம். எந்த நிறுவனமும் இந்த விதியை மாற்ற முடியாது. இது ஒளியின் இயல்பு.

இன்னோர் எல்லையும் நெருங்கிவிட்டது. 200 மெகாபிக்சல் உணர்கருவிகளில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.6 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் 100 புள்ளிகளை அடுக்கலாம். பச்சை ஒளியின் அலைநீளமே ஏறத்தாழ 0.55 மைக்ரோமீட்டர்தான். கிண்ணத்தின் வாய் மழைத்துளியின் அளவுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் இத்தகைய தொலைபேசிகள் வழக்கமாக 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன.

சிலி நாட்டின் மலைமேல் இருக்கும் வேரா ரூபின் வானாய்வகத்தின் கேமராவைப் பாருங்கள். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதன் முதல் படங்கள் வெளியாயின. 3,200 மெகாபிக்சல், உலகில் கட்டப்பட்ட மின்னிலக்கக் கேமராக்களில் ஆகப் பெரியது. எடை ஏறத்தாழ 3 டன். அதில் ஒவ்வொரு புள்ளியும் 10 மைக்ரோமீட்டர் அகலம். மங்கலான விண்மீனின் ஒளியைப் பிடிக்க வேண்டியவர்கள் கிண்ணத்தைச் சிறிதாக்கவில்லை, முற்றத்தைப் பெரிதாக்கினார்கள். கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மெகாபிக்சலைக் கேட்கும் முன்பு உணர்கருவியின் அளவைக் கேளுங்கள்.

உணர்கருவியில் வரும் மாற்றங்கள்

புள்ளிகளைக் கூட்டும் வழி அடைபடுவதால் ஆய்வாளர்கள் வேறு வழிகளில் போகிறார்கள். மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது, வேகம். பெரும்பாலான கேமராக்கள் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றன. மேல் வரியைப் படித்து முடித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் பொருள் நகர்ந்துவிடும். பூப்பந்து ஆட்டத்தில் வீசப்படும் மட்டை படத்தில் வளைந்து தெரிவதும், தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் எரியும் விளக்குகள் சில படங்களில் பட்டை பட்டையாகத் தெரிவதும் இதனால் நேரக்கூடியவை. எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் முழுச்சட்டக் கேமராவைச் சோனி நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. ஒரு விநாடிக்கு 120 படங்கள் எடுக்கும் அக்கேமராவில் அசையும் ஷட்டர் இல்லை. அதற்கு முன்பே, 2021ஆம் ஆண்டில் நிக்கான் நிறுவனத்தின் ஸெட் 9 கேமராவும் இயந்திர ஷட்டரைக் கைவிட்டிருந்தது. கேமராவின் 'க்ளிக்' ஓசை இனி ஒலிபெருக்கியிலிருந்துதான் வரும்.

இரண்டாவது, ஒளித்துகள்களை ஒன்று ஒன்றாக எண்ணுவது. சாதாரண உணர்கருவி சேர்ந்த ஒளியின் மொத்தத்தை அளக்கிறது. புதிய வகை, ஒற்றை ஒளித்துகள் விழுந்தாலும் அதைப் பல மடங்கு பெருக்கி ஓர் எண்ணிக்கையாகக் குறித்துக்கொள்கிறது. கேனன் நிறுவனம் 2021ஆம் ஆண்டில் 3.2 மெகாபிக்சல் கொண்ட இத்தகைய உணர்கருவியை அறிவித்து, 2023ஆம் ஆண்டில் எம்எஸ்-500 என்ற கண்காணிப்புக் கேமராவில் பொருத்தியது. கும்மிருட்டிலும் துறைமுகம், கடற்கரை போன்ற இடங்களை வண்ணத்தில் பார்ப்பதே அதன் வேலை. இப்போதைக்கு இது விலை உயர்ந்த பொருள்.

மூன்றாவது, மாற்றத்தை மட்டும் பார்க்கும் கேமரா. சூரிக் நகர ஆய்வாளர்கள் நம் கண்ணின் விழித்திரையை முன்மாதிரியாகக் கொண்டு இதை வளர்த்தார்கள். இதில் முழுப் படம் என்று ஒன்று இல்லை. ஒளி கூடிய அல்லது குறைந்த புள்ளி மட்டும் உடனே செய்தி அனுப்பும். அசையாத சுவரைப் பற்றி அது பேசவே பேசாது. சுவரின் முன்னே ஓடும் பூனையை ஒரு விநாடியின் மிகச் சிறு பகுதிக்குள் கண்டுகொள்ளும். வாகனங்களுக்கும் இயந்திர மனிதர்களுக்கும் இது பெரிதும் உதவக்கூடும்.

நம் ஊரிலும் இத்தகைய ஆய்வு நடந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வாங் சிஜியே தலைமையிலான குழு, கிராஃபீன் என்ற மெல்லிய கரிமப் படலத்தைக் கொண்டு உணர்கருவி ஒன்றை உருவாக்கியது. அது அப்போதைய மலிவு உணர்கருவிகளைவிட ஒளியை 1,000 மடங்கு நுட்பமாக உணரும் என்று பல்கலைக்கழகம் தெரிவித்தது. ஆனாலும் நாம் கடையில் வாங்கும் கேமராக்கள் இன்றும் சிலிக்கனையே நம்பியிருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் ஒன்று நன்றாக இயங்குவதற்கும், கோடிக்கணக்கில் மலிவாகச் செய்து விற்பதற்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. "அடுத்த ஆண்டே வந்துவிடும்" என்ற செய்திகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தட்டையாகும் லென்ஸ்

தொலைபேசியின் முதுகில் கேமரா புடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோம். உள்ளே பல லென்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதே காரணம். வளைந்த கண்ணாடிதான் ஒளியை வளைக்கும் என்பது நூற்றாண்டுக் கணக்கான வழக்கம்.

2016ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபெடரிக்கோ கப்பாசோ குழு, தட்டையான பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்தூண்களை நட்டு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியைக் குவித்துக் காட்டியது. நாற்று நட்ட வயலில் காற்று வரிசைக்கு வரிசை வேறு விதமாகத் தாமதப்பட்டால் எப்படியோ, அப்படி ஒவ்வொரு தூணும் ஒளியலையைச் சற்றே தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதங்கள் சேர்ந்து லென்ஸின் வேலையைச் செய்துவிடுகின்றன. 2021ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரை மில்லிமீட்டர் அகலத்தில், கல் உப்பின் பரல் அளவிலான கேமராவைக் காட்டினார்கள். அதில் 16 லட்சம் நுண்தூண்கள்.

உடலுக்குள் செலுத்தும் மருத்துவக் கேமராவுக்கு இது பெரிய வரம். அதோடு ஒரு விவரத்தையும் கவனிக்க வேண்டும். அந்த உப்புப் பரல் கேமராவின் லென்ஸ் மட்டும் தெளிவான படம் தருவதில்லை. லென்ஸ் தரும் கலங்கலான பதிவை மென்பொருள் கணக்கிட்டுத் தெளிவாக்குகிறது. லென்ஸையும் மென்பொருளையும் சேர்த்தே வடிவமைத்தார்கள். இனி வரும் கேமராக்களில் கண்ணையும் மூளையையும் பிரித்துப் பார்க்க முடியாது.

கேமராவின் மூளை

இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன பாட்டியின் படத்துக்கு வருகிறோம்.

கேமரா கணக்குப் போடுவது புதிதல்ல. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா ஊகித்துக்கொள்ளும். ஆக, நாம் பார்க்கும் வண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்கு எப்போதுமே கணக்குத்தான்.

எனவே கணக்கிட்ட படமெல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. கேமராவின் வேலையை மூன்று படிகளாகப் பிரித்துக்கொண்டால் தெளிவு கிடைக்கும்.

முதல் படி, வந்த ஒளியைச் சுத்தம் செய்வது. வண்ணத்தை ஊகிப்பதும் புள்ளி இரைச்சலைக் குறைப்பதும் இதில் சேரும்.

இரண்டாம் படி, பல படங்களைச் சேர்ப்பது. 2018ஆம் ஆண்டில் கூகல் தன் தொலைபேசிகளில் இரவுக்காட்சி வசதியைக் கொண்டுவந்தபோது பலரும் வியந்தார்கள். நாம் ஒருமுறை பொத்தானை அழுத்தும்போது அது அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தைச் சரிசெய்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறது. சிறு கிண்ணத்தைப் பல தடவை மழையில் வைத்து எடுப்பது போன்றது இது. இதிலும் பதிவாவது அந்த இடத்தின் ஒளிதான்.

மூன்றாம் படி, வராத ஒளியை எழுதிச் சேர்ப்பது. கேமரா பார்க்காத நுணுக்கத்தை, முன்பு கற்ற இலட்சக்கணக்கான பிற படங்களைக் கொண்டு நிரப்புவது இது. 2023ஆம் ஆண்டில் பயனர் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, சாம்சுங் தொலைபேசியால் படம் எடுத்தார். திரையில் இல்லாத குழிகளும் கோடுகளும் படத்தில் தெளிவாக வந்தன. நிலாவை அடையாளம் கண்டு, செயற்கை நுண்ணறிவால் நுணுக்கங்களை மேம்படுத்துவதாக அந்நிறுவனம் விளக்கம் தந்தது. 2025ஆம் ஆண்டில் வெளிவந்த கூகலின் பிக்சல் 10 புரோ, 100 மடங்கு வரை நெருக்கிக் காட்டுகிறது. மிக அதிகமாக நெருக்கும்போது, குறையும் விவரங்களை ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கித் தருகிறது.

நிலாவுக்கு இது நடந்தால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. நிலா எல்லாருக்கும் ஒன்றுதான். தூரத்தில் நிற்கும் காரின் எண்பலகையைக் கேமரா ஊகித்து எழுதினால் என்னாகும்? மருத்துவருக்கு அனுப்பும் தோல் தழும்பின் படத்தைக் கேமரா வழவழப்பாக்கினால் என்னாகும்? பாட்டியின் மச்சம் போனது இதே வழியில்தான். எதிர்காலத்தில் மூன்றாம் படியே வேகமாக வளரும். அது எப்போது நடக்கிறது என்பது நமக்குத் தெரியவேண்டும். தேவையில்லாதபோது நிறுத்தவும் முடியவேண்டும்.

யாருடைய முகத்தைப் பார்த்துக் கற்றது?

படம் எப்படி இருக்கவேண்டும் என்று கேமரா முடிவெடுக்கிறது என்றால், அந்த முடிவை அதற்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்பது நம் உரிமை. நம்மைப்போல் மாநிறமும் கறுப்புமாக உள்ளவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்பக் கேள்வியன்று.

படச்சுருள் காலத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. வண்ணத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் படக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படம் இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவருடைய நிறம் சரியாக வந்தால் படம் சரி என்று முடிவுகட்டினார்கள். கனடா ஆய்வாளர் லோர்னா ரோத் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இதைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. சாக்லேட், மரத் தளவாட நிறுவனங்கள் தங்கள் பொருள்களின் பழுப்பு வண்ணங்கள் சரியாக வரவில்லை என்று முறையிட்டதும் படச்சுருளின் மேம்பாட்டுக்கு ஒரு காரணம் என்று அவர் கண்டறிந்தார். மனித முகத்துக்குக் கிடைக்காத கவனம் மரத்துக்கும் மிட்டாய்க்கும் கிடைத்தது என்பது வருத்தத்துக்குரியது.

மின்னிலக்கக் காலத்திலும் கதை தொடர்ந்தது. 2018ஆம் ஆண்டில் ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இரு ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடமோ அது 34.7 விழுக்காடு வரை போயிற்று. கற்றுக்கொள்ளக் கொடுத்த படங்களில் கருநிற முகங்கள் குறைவாக இருந்தால் விளைவும் அப்படித்தான் இருக்கும்.

மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டில் கூகல் பலவகைத் தோல்நிறங்களை உள்ளபடி காட்டும் முயற்சியைத் தன் கேமராவில் சேர்த்தது. 2022ஆம் ஆண்டில் ஹார்வர்ட் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய 10 நிறப் படிகள் கொண்ட அளவுகோல் வெளியிடப்பட்டது. முன்பு பரவலாகப் பயன்பட்ட அளவுகோலில் 6 படிகளே இருந்தன. வருங்காலக் கேமராவின் தரத்தை அளக்கும்போது, மாலை வெயிலில் நம் வீட்டுப் பிள்ளையின் முகத்தை அதன் நிறத்திலேயே காட்டுகிறதா என்பதும் ஓர் அளவாக வேண்டும். வாங்குபவர்கள் கேட்டால்தான் விற்பவர்கள் கவனிப்பார்கள்.

படத்துக்கும் பிறப்புப் பத்திரம்

கேமராவே படம் வரையத் தொடங்கிவிட்டால், உண்மையான படத்தை எப்படி அடையாளம் காண்பது? செய்தித்தாளுக்கும் நீதிமன்றத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இது தலையாய கேள்வி. தேர்தலுக்கும் இது பொருந்தும். வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் காட்டும் மின்னிலக்கப் போலிகளைத் தேர்தல் காலத்தில் தடைசெய்யும் சட்டத்தைச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் நிறைவேற்றியது.

ஒரு தீர்வு, படத்துக்குப் பிறப்புப் பத்திரம் கொடுப்பது. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி முதலியவை 2021ஆம் ஆண்டில் கூடி இதற்கான பொதுத் தரத்தை வகுக்கத் தொடங்கின. படம் எடுத்த கணத்திலேயே எந்தக் கேமரா, எப்போது எடுத்தது என்ற விவரங்களோடு கேமரா மறையீட்டு முத்திரை இடும். பிறகு படத்தில் கைவைத்தால் அந்த மாற்றமும் பதிவாகும். முத்திரையை மீறி மாற்றினால் பொருந்தாமை காட்டிக்கொடுத்துவிடும். இந்த வசதியோடு விற்பனைக்கு வந்த முதல் கேமரா, 2023ஆம் ஆண்டின் லைக்கா எம்11-பி. பிக்சல் 10 தொலைபேசிகளும் இத்தகைய முத்திரையை இடுகின்றன.

முத்திரையும் ஏமாறக்கூடும். 2025ஆம் ஆண்டில் நிக்கானின் ஸெட் 6-3 கேமராவில், இரு படங்களை ஒன்றாக்கும் வசதியைப் பயன்படுத்தி, உண்மையல்லாத படத்துக்கும் முத்திரை வாங்கிவிடலாம் என்று தெரியவந்தது. நிறுவனம் அச்சேவையை நிறுத்தி, அதுவரை வழங்கிய சான்றிதழ்களைத் திரும்பப் பெற்றது. பூட்டு செய்பவர் இருக்கும்வரை கள்ளச்சாவி செய்பவரும் இருப்பார். மேலும், படம் இந்தக் கேமராவில் எடுத்ததுதான் என்று மட்டுமே முத்திரை சொல்லும். காட்சியே நாடகமாக இருந்தால் அதை முத்திரை அறியாது. ஆகவே, யார் எடுத்தார், யார் அனுப்பினார், வேறு யார் பார்த்தார் என்று விசாரிக்கும் பழைய பழக்கத்தை நாம் கைவிட முடியாது.

நாம் செய்யவேண்டியவை

எதிர்காலம் நிறுவனங்களின் கையில் மட்டும் இல்லை. இன்றே, செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று, தொலைபேசிக் கேமராவின் அமைப்புக்குச் சென்று அழகூட்டும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். வேண்டும்போது மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டில் மூத்தவர்களின் தொலைபேசியையும் வாங்கிப் பாருங்கள்.

இரண்டு, மருத்துவருக்கோ காவல்துறைக்கோ காப்புறுதிக்கோ படம் எடுத்தால், நெருக்கிக் காட்டும் வசதியை நம்பாமல் நீங்களே நெருங்கிச் சென்று எடுங்கள். திருத்தாத மூலப் படத்தை வைத்திருங்கள்.

மூன்று, முக்கியமான படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அவை சுருக்கப்பட்டு, உள்ளிருக்கும் விவரங்களும் நீங்கிவிடும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

நான்கு, ஒரே இடத்தில் சேமித்ததைச் சேமித்ததாக நினைக்காதீர்கள். மூன்று பிரதிகள், இருவகைச் சேமிப்புகள், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது காப்பகத்தார் பின்பற்றும் விதி.

ஐந்து, ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது தாளில் அச்சிட்டு, பின்பக்கத்தில் பெயர், இடம், தேதி எழுதுங்கள். 2010ஆம் ஆண்டில் வாங்கிய தொலைபேசியின் படங்களை இன்று திறக்க எத்தனை பேரால் முடியும்? தாத்தா ஸ்டூடியோவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம்.

அறிவியல் வளரட்டும், இருட்டிலும் பார்க்கும் கேமராவும் உப்புப் பரல் கேமராவும் வரட்டும். அவற்றால் உயிர் காக்கப்படும், விண்மீன்கள் எண்ணப்படும். நம் வீட்டுப் படத்தில் மட்டும், இருந்தது இருந்தபடி ஒரு பிரதி இருக்கட்டும். பாட்டியின் கன்னத்து மச்சத்தைப் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் பார்க்கவேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் மூத்தவர்களை வெளிச்சத்தில் உட்காரவைத்து, எந்தப் பூச்சும் இல்லாமல் ஒரே ஒரு படம் எடுங்கள்.